காலையில் சாரயேவோ, மாலையில் மோஸ்டார்: நண்பகல் பஸ்ஸைச் சுற்றி ஒரு நாள்

இந்த நாளைக் காலையிலிருந்து திட்டமிடாதீர்கள். நண்பகல் பஸ்ஸில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். போஸ்னியா ஹெர்ஸகோவினாவின் தலைநகர் சாரயேவோவிலிருந்து தெற்கே மோஸ்டாருக்குச் சுமார் 130 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். கணவாய், நீர்த்தேக்கம், செங்குத்தான மலையிடுக்கு, பச்சை ஆறு என்று வழி நெடுகக் காட்சி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த நேரத்தைப் பயணக் களைப்பில் சேர்க்காமல், ஊர் பார்த்த கணக்கிலேயே சேர்த்துவிடலாம்.

பலரும் சாரயேவோவில் அறை எடுத்துக்கொண்டு, காலை பஸ்ஸில் மோஸ்டார் போய், மாலை பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். முற்பகல் 11 மணிக்கு மோஸ்டாரின் புகழ்பெற்ற பழைய பாலத்தின் மேல் போய் நின்றேன். குரோஷியக் கடற்கரை ஊர்களான டுப்ரோவ்னிக்கிலிருந்தும் ஸ்ப்ளிட்டிலிருந்தும் வந்த சுற்றுலாக் கூட்டம் முழுவதும் அந்த நான்கு மீட்டர் அகலப் பாலத்தில் என்னோடு நின்றது. மாலை நான்கைந்து மணிக்கு அந்தக் கூட்டம் கலையத் தொடங்கியபோது நானும் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். ஊர் அழகாகிற நேரத்தில் ஊரை விட்டுப் போவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை. ஆகவே இந்த வழிகாட்டி வேறு கணக்கில் போகிறது: காலை சாரயேவோவில், நண்பகல் பஸ்ஸில், மாலையும் இரவும் மோஸ்டாரில்.

முந்தைய நாளே முடிக்க வேண்டியவை

முதலில் விசா. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் வட்டாரத்துக்கு வெளியே இருக்கிறது போஸ்னியா. பக்கத்து நாடான குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் அதற்குள் போய்விட்டது. ஒரே ஒரு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவில் குரோஷியா வழியாக வந்தவர்கள், எல்லை தாண்டிப் போஸ்னியாவுக்குள் கால் வைத்துவிட்டால் அதே விசாவில் திரும்பிப் போக முடியாது. டுப்ரோவ்னிக்கிலிருந்து விமானம் பிடிக்க டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் இதை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். போஸ்னியாவுக்குள் நுழைய உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்பதையும் அப்போதே தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பணம். இங்கே புழங்குவது 'மாற்றத்தக்க மார்க்'. ஜெர்மனியின் பழைய மார்க்குக்கு ஒன்றுக்கு ஒன்று என்று இணைத்து உருவாக்கிய நாணயம் இது. ஜெர்மனி தன் மார்க்கைக் கைவிட்டு யூரோவுக்குப் போய்விட்டாலும், பெயர் போஸ்னியாவில் உயிரோடு இருக்கிறது. இன்றும் ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. மனக்கணக்குக்கு மார்க்கைப் பாதியாக்கினால் யூரோ. கடைகளில் அட்டை செல்லும். ஆனால் பஸ் நிலையத்தில் சில்லறை இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான். பஸ்ஸின் வயிற்றில் வைக்கும் ஒவ்வொரு பைக்கும் தனிக் கட்டணம் உண்டு. அதை நாணயமாகக் கையில் கொடுக்க வேண்டும். கழிப்பறைக்கும் நாணயம். ஆகவே முந்தைய நாள் வாங்கும் காபிக்கு நோட்டு கொடுத்துச் சில்லறை சேர்த்துவையுங்கள்.

மூன்றாவது பஸ் நிலையம். ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சாரயேவோவில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. மோஸ்டார் பஸ் புறப்படுவது ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள மத்திய நிலையத்திலிருந்து. மற்றொன்று நகரின் மறுகோடியில் உள்ள கிழக்கு சாரயேவோ நிலையம். செர்பியத் தலைநகர் பெல்கிரேடு பக்கம் போகும் பஸ்கள் பலவும் அங்கிருந்துதான் கிளம்பும். ஒரே ஊருக்கு ஏன் இரண்டு என்று கேட்டால், பதில் 1995 டேட்டன் உடன்படிக்கையில் இருக்கிறது. 1992இல் தொடங்கிய போஸ்னியப் போரை முடித்த அந்த உடன்படிக்கை நாட்டைப் போஸ்னியா ஹெர்ஸகோவினா கூட்டமைப்பு, செர்ப்ஸ்கா குடியரசு என்ற இரண்டு ஆட்சிப் பகுதிகளாகப் பிரித்தது. பிரிக்கும் கோடு சாரயேவோவின் புறநகரைத் தொட்டுக்கொண்டு போகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நிலையம், இந்தப் பக்கம் ஒரு நிலையம். பெல்கிரேடிலிருந்து வந்து அங்கே இறங்க நேர்ந்தால் பதற வேண்டாம். பக்கத்திலேயே உள்ள தோப்ரின்யா குடியிருப்பிலிருந்து 103 எண் டிராலி பஸ் ஊருக்குள் கொண்டுவந்து விடும்.

முந்தைய நாள் மாலையே மத்திய நிலையத்துக்குப் போய் நேரடியாக டிக்கெட் வாங்குங்கள். இணையத்தில் பார்க்கும் கால அட்டவணைகள் பருவத்துக்குப் பருவம் பழையதாகிவிடும். கவுன்டரில் சொல்வதுதான் வேதவாக்கு. ஒரு முறை இணையத்தில் வாங்கிய டிக்கெட்டைத் தொலைபேசித் திரையில் காட்டினேன். ஓட்டுநர் அதைத் திரும்பியும் பார்க்காமல், அச்சிட்ட தாள் வேண்டும் என்று கையை விரித்தார். எதிரே இருந்த கடையில் கெஞ்சி ஒரு தாள் அச்சிட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அன்றிலிருந்து தாள் டிக்கெட் தவிர வேறெதையும் நான் நம்புவதில்லை. கட்டணம் இருபது முதல் முப்பது மார்க்குக்குள் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கோடையில் முற்பகல் பதினொன்றரையிலிருந்து பிற்பகல் ஒன்றுக்குள் புறப்படும் பஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பரில் நான்கரை மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பும் பஸ் நல்லது.

நான்காவது, தங்கும் இடம். பழைய கடைவீதியான பாஷ்சார்ஷியாவுக்கு நடுவில் அறை எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்த ஒரு நாள் திட்டத்துக்கு அது பொருந்தாது. பழைய ஊர் கிழக்குக் கோடியில். பஸ் நிலையம் மேற்கே. ஊரின் நடுவிலோ மாரியின் த்வோர் பகுதியிலோ அறை எடுத்தால், காலையில் வெறுங்கையோடு டிராமில் கிழக்கே போய், அங்கிருந்து பார்த்துக்கொண்டே மேற்கு நோக்கி நடந்து, வழியில் பையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய்விடலாம். வந்த வழியே திரும்பும் வேலை மிச்சம்.

காலை ஆறரை: டிராமில் கிழக்கே

சாரயேவோவின் டிராம், ஐரோப்பாவின் பழைய டிராம்களில் ஒன்று. 1885இல் குதிரை இழுத்தது. 1895இல் மின்சாரம் வந்தது. இப்போது நகர மையத்தில் ஒரு வளையமாகச் சுற்றுகிறது. மில்யாட்ஸ்கா ஆற்றங்கரை வழியாகக் கிழக்கே போய், பாஷ்சார்ஷியாவில் திரும்பி, உள்தெரு வழியாக மேற்கே வரும். டிக்கெட்டைச் சாலையோரக் கியாஸ்கில் வாங்கிக்கொண்டு, ஏறியவுடன் கருவியில் பதிந்துவிடுங்கள். பரிசோதகர்கள் வருவார்கள், வெளியூர்க்காரர் என்று விட்டுவிட மாட்டார்கள்.

பாஷ்சார்ஷியாவில் இறங்கினால் எதிரே செபில். மரத்தால் ஆன, கூண்டு போன்ற தண்ணீர்ப் பந்தல் அது. 1753இல் கட்டப்பட்ட பழையது எரிந்துபோக, ஆஸ்திரிய ஹங்கேரிய ஆட்சியில் 1891இல் கட்டிய வடிவத்தைத்தான் நாம் இன்று பார்க்கிறோம். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் சாரயேவோவுக்குத் திரும்பி வருவார் என்று ஊரார் சொல்வார்கள். பகல் பத்து மணிக்கு இந்தச் சதுக்கத்தில் புறாக்களை மிதிக்காமல் நடக்க முடியாது. ஆறரைக்குச் சதுக்கம் காலியாக இருக்கும். கதவுப் பலகைகளைக் கழற்றும் சத்தம் மட்டும் கேட்கும்.

முதலில் வயிற்றைக் கவனியுங்கள். புரெக் கடைகள் அதிகாலையிலேயே திறந்துவிடும். மெல்லிய மாவை உள்ளே ஏதாவது வைத்துச் சுருட்டி, வட்டத் தட்டில் சுருள் சுருளாக அடுக்கி, மேலே கனல் போட்ட மூடியின் கீழ் வேகவைக்கும் பண்டம் அது. மரக்கறி உண்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: போஸ்னியாவில் 'புரெக்' என்றால் இறைச்சி வைத்தது மட்டும்தான். பாலாடைக்கட்டி வைத்ததற்கு 'சிர்னிட்ஸா', கீரை வைத்ததற்கு 'செல்யானிட்ஸா', உருளைக்கிழங்குக்கு 'க்ரொம்பிருஷா'. 'பாலாடைக்கட்டி புரெக்' என்று கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று கடைக்காரர் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். எடை போட்டு விற்பார்கள். கூடவே ஒரு கோப்பைத் தயிர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு காபி. இதில் அவசரம் காட்டினால் காரியம் கெட்டது. செம்புத் தட்டில் நான்கு பொருள்கள் வரும்: நீண்ட கைப்பிடி வைத்த சிறு செம்புப் பாத்திரமான 'ஜெஸ்வா', காது இல்லாத குட்டிக் கிண்ணமான 'ஃபில்ஜான்', சர்க்கரைக் கட்டிகளோடு ஒரு துண்டு ரஹத் லோக்கும் என்ற மென்மையான மிட்டாய், ஒரு குவளைத் தண்ணீர். ஜெஸ்வாவின் மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் எடுத்து முதலில் கிண்ணத்தில் இடுங்கள். தூள் அடியில் படியும்வரை காத்திருந்து, மெதுவாக ஊற்றுங்கள். சர்க்கரையைக் காபியில் போட்டுக் கலக்குவதில்லை. கட்டியின் ஒரு முனையைக் காபியில் நனைத்து, அதைக் கடித்து நாக்கின் மேல் வைத்துக்கொண்டு, அதன் வழியாகக் காபியை உறிஞ்ச வேண்டும். இரண்டு கிண்ணத்துக்கு மேல் வராது. ஆனால் அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரத்தையும் பஸ் கணக்கில் முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

ஏழரை முதல் பத்தரை வரை: மேற்கு நோக்கி ஒரு நடை

ஆற்றங்கரையில் உள்ள வியேச்னிட்ஸா என்ற பழைய நகர மன்றத்திலிருந்து தொடங்குங்கள். 1896இல் திறந்த கட்டடம். கோடு போட்ட சுவரும் குதிரை லாட வளைவுகளும் கொண்ட மூரிய பாணி. பின்னாளில் தேசிய நூலகமாக இருந்தபோது, 1992 ஆகஸ்ட் 25 இரவு நகரை முற்றுகையிட்டிருந்த போஸ்னிய செர்பியப் படையின் குண்டுகளில் எரிந்தது. சுமார் இருபது லட்சம் நூல்கள் சாம்பலாயின. 2014 மே 9 அன்று மீண்டும் திறந்தார்கள். எதிர்க்கரையில் ஒரு பழைய வீடு, இப்போது உணவகம். பெயர் 'இனாத் குச்சா'. 'வீம்பு வீடு' என்று பொருள். நகர மன்றம் கட்ட அந்த வீட்டை இடிக்க வேண்டியிருந்ததாம். உரிமையாளரான முதியவர் மசியவில்லை. கடைசியில் ஒரு பை நிறையத் தங்கக் காசுகளை வாங்கிக்கொண்டு, வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து அக்கரையில் அப்படியே கட்டித் தர வைத்தாராம். ஊர்க்கதைதான். ஆனால் ஊரின் குணத்தைச் சொல்லும் கதை.

இனி ஆற்றோரமாக மேற்கே நடங்கள். 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் காரில் போன கடைசிப் பாதை இதுவே. காலையில் வழியில் ஒரு குண்டுவீச்சிலிருந்து தப்பி, இதே நகர மன்றத்தில் வரவேற்பை ஏற்றுக்கொண்டு, இங்கிருந்து புறப்பட்டார். லத்தீன் பாலத்தருகே ஓட்டுநர் தவறான தெருவில் திரும்பிவிட்டு வண்டியை நிறுத்த, மூலையில் நின்ற போஸ்னிய செர்பிய இளைஞர் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டார். இளவரசரும் மனைவி சோஃபியும் இறந்தார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. நகர மன்றத்திலிருந்து அந்த மூலைக்கு நடந்தால் ஐந்தாறு நிமிடம். மூலையில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று உண்டு. நேரம் குறைவாக இருந்தால் வெளிச்சுவரில் உள்ள படங்களே போதும்.

பாலத்திலிருந்து வடக்கே திரும்பினால் காஸி ஹுஸ்ரேவ் பேக் மசூதி. கட்டியது 1530–31இல். ஹுஸ்ரேவ் பேக், சுல்தான் இரண்டாம் பயசீத்தின் மகள் வயிற்றுப் பேரன்; போஸ்னியாவின் ஆளுநராக இருந்து இந்த ஊரை ஊராக்கியவர். தொழுகை நேரம் தவிர்த்து உள்ளே போகலாம். பெண்கள் தலையை மூட ஒரு துணி கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலை ஒட்டிப் போகாதீர்கள்.

மசூதியை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான். லண்டனிலிருந்து 1876இல் வரவழைத்த இயந்திரம். ஆனால் அது காட்டுவது நம் கைக்கடிகார நேரத்தை அல்ல. அந்தக் கடிகாரத்தில் நாள் முடிவது சூரியன் மறையும்போது. அந்தக் கணத்தில் முள் பன்னிரண்டைத் தொட வேண்டும். அஸ்தமன நேரம் நாளுக்கு நாள் நகர்வதால், அதைத் திருத்தி வைக்க 'முவெக்கித்' என்று ஒருவர் இருக்கிறார். தொழுகை நேரத்தைக் கணிக்க உருவான ஏற்பாடு அது. என்னோடு வந்த நண்பர் தற்செயலாக அண்ணாந்து பார்த்து, பஸ் போயேவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கடிகாரத்தை ரசியுங்கள். பஸ்ஸுக்கு உங்கள் கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

அங்கிருந்து ஃபெர்ஹாதியா தெரு. நடைபாதையில் 'பண்பாடுகளின் சந்திப்பு' என்று எழுதிய ஒரு கோடு இருக்கிறது. அதன் மேல் நின்று கிழக்கே பார்த்தால் தாழ்ந்த ஓட்டுக் கூரைகளும் மினாரெட்டுகளும், மேற்கே பார்த்தால் வியன்னாவைப் பெயர்த்து வைத்தது போன்ற நான்கு மாடி முகப்புகளும் தெரியும். 1878இல் ஆஸ்திரிய ஹங்கேரியர் வந்தபோது ஊர் எங்கே மாறத் தொடங்கியது என்பதைக் காலடியில் காட்டும் கோடு அது.

இன்னும் சில நிமிட நடையில் கத்தோலிக்கப் பேராலயம். அதன் முன் தரையைப் பாருங்கள். கான்கிரீட்டில் ஒரு குழி, அதைச் சுற்றிச் சிதறிய கீறல்கள். எல்லாம் சிவப்புப் பசையால் நிரப்பப்பட்டிருக்கும். 'சாரயேவோ ரோஜா' என்பது இதுதான். பீரங்கிக் குண்டு விழுந்து மக்கள் இறந்த இடங்களின் அடையாளம். 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை 1,425 நாள் இந்த நகரம் முற்றுகையில் இருந்தது. பேராலயத்துக்குப் பின்தெருவில் உள்ள மார்க்காலே சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று ஒரே குண்டுக்கு 68 பேர் இறந்தார்கள். இன்றும் அது காய்கறிச் சந்தைதான். தக்காளி எடை போட்டுக்கொண்டிருப்பவர்களின் பின்னால் சிவப்புச் சுவரில் பெயர்கள். அங்கே படம் எடுக்காமல், பஸ்ஸுக்கு இரண்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

தெருவின் முடிவில் அணையா விளக்கு. இரண்டாம் உலகப் போரில் நகரை விடுவித்தவர்களின் நினைவாக 1946இல் ஏற்றியது. நடை இங்கே முடிகிறது. விமான நிலையத்தருகே உள்ள சுரங்க அருங்காட்சியகத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். முற்றுகையின்போது உணவும் மருந்தும் வந்த அந்தச் சுரங்கத்தைப் பார்க்க அரை நாள் தனியாக வேண்டும். இந்தக் காலைக்குள் அதைத் திணித்தால் இரண்டும் கெடும்.

பதினொன்று: நிலையத்தில்

பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் போகும் 1ஆம் எண் டிராமில் ஏறுங்கள். பை சிறியது என்றால் அணையா விளக்கிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் போதும். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்னால் அங்கே இருப்பது நல்லது. தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் நான்கைந்துதான். 'கார்ட்டா' என்றால் டிக்கெட், 'பெரோன்' என்றால் நடைமேடை, 'பொலாசாக்' புறப்பாடு, 'தொலாசாக்' வருகை. 'ஹ்வாலா' என்றால் நன்றி. அதை எவ்வளவு சொன்னாலும் தகும்.

டிக்கெட்டில் இருக்கை எண் இருந்தாலும் பல நேரம் யாரும் பார்ப்பதில்லை. முதலில் ஏறியவருக்கு ஜன்னல். பை ஏற்றுபவரிடம் நாணயத்தைக் கொடுத்துச் சீட்டு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டும் பணமும் கையோடு இருக்கட்டும். பஸ்ஸில் கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பக்கம் உட்கார்வது என்ற பெரிய விவாதத்துக்கு என் பதில்: எந்தப் பக்கமானாலும் சரி, முன்வரிசையில். ஆறும் சாலையும் பக்கம் மாறிக்கொள்ளும்.

இரண்டரை மணி நேர ஜன்னல்

முதல் முக்கால் மணி நேரம் புறநகர், நெடுஞ்சாலை, பைன் காடு. தூங்குவதென்றால் இதற்குள் தூங்கிவிடுங்கள். இவான் கணவாயில் போஸ்னியா முடிந்து ஹெர்ஸகோவினா தொடங்குகிறது. கணவாய்க்கு வடக்கே பெய்யும் மழை கருங்கடலுக்கும், தெற்கே பெய்யும் மழை ஏட்ரியாட்டிக் கடலுக்கும் போகிறது. இறங்க இறங்க வெளிச்சமே மாறும். காட்டின் அடர்பச்சை வெளுத்துச் சுண்ணாம்புக்கல் தெரியத் தொடங்கும்.

முதல் பெரிய ஊர் கோனிட்ஸ். நெரெத்வா ஆற்றை இங்கேதான் முதலில் பார்ப்பீர்கள். ஆறு வளைவுகள் கொண்ட 17ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் கல்பாலம் ஒன்று இங்கே உண்டு. 1945இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்த்தது. 2009இல் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள். ஊருக்கு வெளியே மலைக்குள் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்காக 1953 முதல் 1979 வரை ரகசியமாகக் கட்டிய அணுகுண்டுப் பதுங்கிடம் இருக்கிறது. இன்னொரு பயணத்துக்கு ஆகும்.

அடுத்து யாப்லானிட்ஸா நீர்த்தேக்கம். 1950களில் அணை கட்டியதால் உருவான ஏரி. சாலை அதன் கரையை ஒட்டியே நெளிகிறது. யாப்லானிட்ஸா ஊர் முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் கோத்து நெருப்பின் மேல் சுழற்றிச் சுடுவதற்குப் பெயர்போனது. சாலையோர உணவகங்கள் சிலவற்றில் அந்தக் கம்பியைச் சுழற்றுவது மலையோடைத் தண்ணீரில் ஓடும் நீர்ச்சக்கரம். பஸ் இந்தப் பக்கம் எங்காவது பத்து நிமிடம் நின்றால், ஓட்டுநர் சிகரெட்டை அணைக்கும் கணத்தில் நீங்கள் படிக்கட்டில் இருக்க வேண்டும். ஆள் எண்ணிப் பார்க்கும் வழக்கம் எல்லா ஓட்டுநருக்கும் இல்லை.

இந்த ஊர் ஆற்றில் சரிந்து தொங்கும் ரயில் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1943 நெரெத்வா போரில், ஜெர்மானியரை ஏமாற்ற டிட்டோவின் படை தன் வழியில் இருந்த பாலத்தைத் தானே தகர்த்துவிட்டு, பிறகு அதே இடத்தில் தற்காலிகமாக ஒன்றை அமைத்துக் காயம்பட்டவர்களைக் கடத்திக்கொண்டு போனது. கால் நூற்றாண்டு கழித்து, அந்தப் போரைப் படமாக்கியவர்கள் அங்கே பாலம் கட்டி மீண்டும் தகர்த்தார்கள். இன்று பயணிகள் நெகிழ்ச்சியோடு பார்ப்பது சினிமாக்காரர்கள் தகர்த்த பாலத்தை.

யாப்லானிட்ஸாவுக்குத் தெற்கேதான் பயணத்தின் சிகரம். இருபுறமும் மலைச்சுவர் நெருங்கி வந்து, நடுவில் ஆறு பச்சைக் கண்ணாடிபோல் போகும். இதே மலைகள் கொடுமையும் செய்யும். 2024 அக்டோபரில் கொட்டிய மழையில் இங்கே மண் சரிந்து வீடுகளையும் சாலையையும் ரயில் பாதையையும் மூடியது, பலர் இறந்தார்கள். கனமழைக் காலத்தில் கிளம்புவதற்கு முன் சாலை நிலவரத்தைக் கவுன்டரில் கேளுங்கள்.

பிற்பகல் மூன்று: மோஸ்டாரில் இறங்குவது

இங்கேயும் இரண்டு நிலையங்கள்! ரயில் நிலையத்தை ஒட்டி இருப்பது கிழக்கு நிலையம். நெரெத்வாவின் மறுகரையில் மேற்கு நிலையம். சாரயேவோ பஸ்ஸில் வருபவர்கள் இறங்க வேண்டியது கிழக்கில். 1993–94 போரில் ஊர் இரண்டாகப் பிளந்தது. கிழக்கில் போஸ்னியாக்குகள் எனப்படும் போஸ்னிய முஸ்லிம்கள், மேற்கில் குரோஷியர்கள். பெயர்ப்பலகையிலும் அது தெரியும். பஸ் நிலையத்துக்கு ஒரு தரப்பு 'ஸ்தானிட்ஸா' என்கிறது, மறுதரப்பு 'கோலோத்வோர்' என்கிறது. அடுத்த நாள் டிக்கெட் வாங்கும்போது எந்த நிலையம் என்று இரண்டு முறை கேளுங்கள்.

இறங்கியவுடன் கவுன்டரில் மறுநாள் பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு, தெற்கே நடங்கள். பழைய ஊருக்குப் பதினைந்து இருபது நிமிடம். கோடையில் அந்த நடையே வேர்க்க வைத்துவிடும். நாட்டின் மிக வெப்பமான ஊர்களில் ஒன்று இது. அறையில் பையைப் போட்டு, குளித்து, நான்கரை வரை வெளியே வராமல் இருப்பதே உத்தமம்.

நான்கரைக்கு மேல்: பாலம்

குயுன்ஜிலுக் என்ற பழைய செம்புக் கொல்லர் தெரு வழியாகப் போங்கள். காலடியில் உருண்டைக் கூழாங்கற்கள். வழுக்காத செருப்பு வேண்டும். பாலத்துக்கு நேராகப் போகாமல், முதலில் 1618ஐ ஒட்டிக் கட்டிய கொஸ்கி மெஹ்மத் பாஷா மசூதிக்குள் போங்கள். கட்டணம் கொடுத்து முற்றத்தின் ஆற்றோரச் சுவருக்கு வந்தால், பாலம் முழுதாகத் தெரியும். மினாரெட்டிலும் ஏறலாம். படிக்கட்டு ஓர் ஆள் அகலம். இறங்குபவரும் ஏறுபவரும் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவராக மாறவேண்டியதுதான்.

'ஸ்தாரி மோஸ்ட்' என்றால் பழைய பாலம். சுல்தான் சுலைமான் ஆணையில் மிமார் ஹைருத்தீன் கட்டி 1566இல் முடித்தார். சாரம் பிரிக்கும் நாளில் பாலம் நிற்குமா என்ற பயத்தில் அவர் தன் சவக்குழியைத் தானே தோண்டத் தொடங்கினார் என்று கதை. பாலம் 427 ஆண்டு நின்றது. 1993 நவம்பர் 9 அன்று குரோஷியப் படையின் டாங்கிக் குண்டுகளில் ஆற்றுக்குள் சரிந்தது. உள்ளூரில் வெட்டும் 'தெனெலியா' என்ற வெளிர் சுண்ணாம்புக்கல்லால், பழைய முறையிலேயே கட்டி 2004 ஜூலை 23 அன்று திறந்தார்கள். அடுத்த ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆக, நீங்கள் மிதிக்கும் பழைய பாலம் ஐஃபோனைவிடக் கொஞ்சம்தான் மூத்தது. இது ஏமாற்று என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலத்தின் முனையில் '93ஐ மறக்காதே' என்று எழுதிய கல்லை வைத்துவிட்டுத்தானே கட்டியிருக்கிறார்கள்.

நடுவில் கூன் விழுந்த பாலம் அது. குறுக்கே கல்வரிகளைத் தூக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் பாதத்தை ஊன்றி ஏறுங்கள். கைப்பிடிக்கு வெளியே, நீச்சல் உடையில் ஒருவர் நிற்பார். கீழே இருபது மீட்டருக்கு மேல் பள்ளம். அவர் குதிக்கப்போவதுபோல் உடலை வளைப்பார். கூட்டம் மூச்சைப் பிடிக்கும். அவர் நிமிர்ந்து சிரிப்பார். இதற்குள் இன்னொருவர் தொப்பியை நீட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் வருவார். தொகை சேர்ந்தால்தான் குதி. சேர்ந்துவிட்டால் தோற்றமே மாறும். மார்பிலும் கழுத்திலும் குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொண்டு, சிரிப்பை விட்டுவிட்டுக் கீழே மட்டும் பார்ப்பார். பிறகு கைகளை விரித்து, கால்களை மடக்கி விழுவார். நீரைத் தொடும் கணத்தில் உடல் நேராகிவிடும். பரம்பரையாக வரும் வித்தை இது. 1968 முதல் ஆண்டுதோறும் போட்டியே நடக்கிறது. நெரெத்வா கோடையிலும் பனிபோல் சில்லிடும். காசு கொடுத்துப் பயிற்சி எடுத்து நீங்களும் குதிக்கலாம் என்று யாராவது அழைத்தால், பயண காப்பீட்டுத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்தைத் தாண்டி, ராதோபொல்யா ஓடையின் மேல் பெரியதன் குட்டியைப் போல் ஒரு பாலம் இருக்கிறது. பெயர் 'கோணல் பாலம்'. 1558ஐச் சேர்ந்தது, போருக்குத் தப்பி, சில ஆண்டு கழித்து வெள்ளத்தில் போய், திரும்பக் கட்டப்பட்டது. சுற்றியுள்ள ஆலைத் திண்ணைகளில் இரவு உணவு நன்றாக இருக்கும்.

மேற்கே பத்து நிமிடம் நடந்தால் 'புலேவார்'. போர்க்களக் கோடு இந்தத் தெருவில்தான் ஓடியது. குண்டு துளைத்த சுவருக்குள் மரம் முளைத்த கட்டடங்கள் சில இன்னும் நிற்கின்றன; உள்ளே நுழையாதீர்கள், இடியும். அதற்கும் அப்பால் உள்ள பூங்காவில் புரூஸ் லீக்கு ஒரு சிலை எழுந்தது. 2005இல் நிறுவினார்கள்; 2024இல் அது திருடுபோனது. செர்பியர், குரோஷியர், போஸ்னியாக்குகள் என்ற சண்டையில் யார் பக்கமும் சேராத ஒரு வீரரைத் தேடியபோது ஊர் இளைஞர்களுக்குக் கிடைத்தவர் அவர்தான்.

இரவு ஒன்பதுக்கு மேல் மேற்குக் கரையில் பாலத்தின் அடிக்கு இறங்கும் படிகளில் போய் உட்காருங்கள். கடைகள் மூடியிருக்கும், வளைவின் அடிப்பக்கம் விளக்கில் எலும்பு நிறத்தில் தெரியும். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஐஸ்கிரீம் கிடைக்கும். ஆனால் இரண்டு மார்க் நாணயம் ஒன்றை மட்டும் செலவழிக்காமல் வைத்திருங்கள். காலையில் பை ஏற்றுபவர் கேட்பார்.